அபுஜா சூளை: கற்பிக்கப் போனவரும் ஏற்கெனவே கற்றிருந்தவரும்

நைஜீரியாவின் 20 நைரா நோட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பெண் பானை செய்யும் படம் இருக்கும். அவர் லாடி குவாலி. குவாலி என்ற ஊரில் 1925 வாக்கில் பிறந்து, அத்தையிடம் மண் வேலை கற்று, சந்தையில் பானை விற்று வாழ்ந்தவர். அந்த நாட்டின் பணத்தாளில் இடம்பெற்ற முதல் பெண் இவர்தான். அவருடைய பெயரை உலகறியச் செய்த இடம் அபுஜா மண்பாண்டப் பயிற்சி மையம். அதை நிறுவியவர் மைக்கேல் கார்டியூ என்ற ஆங்கிலேயக் குயவர்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவர் ஆப்பிரிக்காவில் ஒரு திறமைசாலியைக் 'கண்டுபிடித்தார்'. நடந்தது அதுவல்ல. லாடி குவாலியின் பானைகள் கார்டியூ வருமுன்பே அபுஜாவின் எமிர் என்ற ஊர் மன்னரின் அரண்மனையில் இருந்தன. கார்டியூவே அவற்றை அங்கேதான் முதலில் பார்த்தார். ஒரு தொழிலைத் தலைமுறைகளாகச் செய்துவரும் ஊருக்கு, அதே தொழிலைக் கற்பிக்க வெளியூர்க்காரர் ஒருவர் வந்தால் என்ன ஆகும்? எது ஒட்டும், எது உதிரும், எது திரும்பிப் போய் ஆசிரியரின் நாட்டையே மாற்றும்? இந்தக் கேள்விகளோடு அபுஜாவைப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் நோக்கம். அதற்கு முதலில் கார்டியூ எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தாக வேண்டும்.

ஆசிரியர் உருவான விதம்

கார்டியூ 1901இல் லண்டனை ஒட்டிய விம்பிள்டனில் பிறந்தார். அப்பா ஆர்தர் கார்டியூ அரசு ஊழியர்; நாட்டுப்புற மண்பாண்டங்களைச் சேகரிப்பதில் ஆர்வம் மிகுந்தவர். விடுமுறைக்கு வடக்கு டெவன் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் எட்வின் பீர் ஃபிஷ்லி என்ற முதிய குயவரிடம் ஜாடிகள் வாங்கி வருவார். அந்த வீட்டில் பாலும் சிடர் என்ற ஆப்பிள் மதுவும் ஊற்றி வைத்தது அந்த ஜாடிகளில்தான். பிள்ளை மைக்கேல் அவற்றைப் பார்த்தும் தொட்டும் வளர்ந்தார். ஃபிஷ்லி இறந்த பிறகு, அவருடைய பேரன் வில்லியம் ஃபிஷ்லி ஹாலண்டிடம் பிரான்டன் ஊரில் சக்கரத்தில் வனையக் கற்றுக்கொண்டார்.

அந்தச் சமயம் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கமும் லத்தீனும் படிக்கும் மாணவர். மனசெல்லாம் மண்ணில் இருந்ததால் மூன்றாம் வகுப்பில்தான் தேறினார். 1923இல் நேராகச் செயின்ட் ஐவ்ஸுக்குப் போய் பெர்னார்ட் லீச்சிடம் சேர்ந்தார். லீச்சும் ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜியும் 1920இல் அங்கே ஒரு பட்டறை தொடங்கி, ஜப்பானிய முறையில் அறை அறையாக மேலேறும் சூளை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். லீச்சின் முதல் மாணவர்களில் ஒருவரான கார்டியூ மூன்று ஆண்டு அங்கே இருந்தார்.

ஆனால் அவர் ஆசைப்பட்டது வேறு. காட்சிக் கூடத்தில் வைக்கும் கலைப்பொருளைவிட, ஏழை வீட்டு அடுப்படியில் புழங்கும் பாத்திரம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. 1926இல் குளோஸ்டர்ஷயரின் வின்ச்கோம் அருகே மூடிக் கிடந்த ஒரு பழைய மண்பாண்டப் பட்டறையை வாடகைக்குப் பிடித்தார். அதே பட்டறையில் முன்பு வேலை செய்த எலைஜா கம்ஃபர்ட் என்ற அறுபது கடந்த வனைஞரைத் திரும்பக் கூட்டிவந்தார். அடுத்த ஆண்டு சிட்னி டஸ்டின் என்ற சிறுவன் சேர்ந்தான். 1936இல் ரே ஃபிஞ்ச் வந்தார். பின்னாளில் அந்தப் பட்டறையையே ஏற்று நடத்தியவர் இவர்.

வின்ச்கோம்பில் பாடத்திட்டம் என்று ஒன்றும் இல்லை. கிழவர் வனைவார், பையன் பார்ப்பான். ஆக்ஸ்ஃபோர்டு படித்த முதலாளியும் கூட நின்று பார்ப்பார். கார்டியூவின் கற்பித்தல் பிற்காலத்தில் எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்று புரிய இதைக் கவனிக்க வேண்டும். தன்னைவிட நன்றாக வேலை தெரிந்தவரைப் பட்டறைக்குள் கொண்டுவந்து அவர் போக்கில் விடுவது. இது அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் ஓரிடத்தில் இதை மறந்தார், கையைச் சுட்டுக்கொண்டார்.

1933இல் மேரியல் ரசலை மணந்தார். மூன்று ஆண் பிள்ளைகள். நடுப்பிள்ளை கார்னீலியஸ் பின்னாளில் பெயர்பெற்ற இசையமைப்பாளர். 1939இல் கார்ன்வாலில் வென்ஃபோர்ட் பிரிட்ஜ் என்ற இடத்தில் பழைய சத்திரம் ஒன்றை வாங்கிப் புதிய பட்டறை போட்டார். அதே ஆண்டு போர் வந்தது. மண்பாண்டம் குடும்பத்துக்குச் சோறு போடவில்லை. 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவில் சம்பள வேலை என்று அழைப்பு வந்ததும் கிளம்பிவிட்டார்.

அலாஜோ: பெரிதாகப் போட்டு விழுந்தது

அன்றைய கோல்டு கோஸ்ட், இன்றைய கானா. அக்ராவுக்குப் பக்கத்தில் அச்சிமோட்டா கல்லூரி. அங்கே ஹாரி டேவிஸ் என்ற கைதேர்ந்த குயவர் 1937 முதல் மண்பாண்டம் கற்பித்து வந்தார். அவர் விலகிய இடத்துக்குத்தான் கார்டியூ போனார். போர்க்காலத்தில் கப்பல் சரக்கு வருவது அரிதாகிவிட்டதால், செங்கல், ஓடு, பீங்கான் எல்லாம் உள்ளூரிலேயே செய்யலாமே என்று அரசு நினைத்தது. கல்லூரியில் கலைத்துறையை நடத்திய மேயரோவிட்ஸ் பெருங்கனவு உள்ளவர். மேற்கு ஆப்பிரிக்கக் கைத்தொழில்களுக்கு ஒரு நிறுவனம், அதன் கீழ் தன் காலில் நிற்கும் தொழிற்சாலைகள் என்று திட்டம் போட்டார். அக்ராவின் அலாஜோ பகுதியில் ஆலை எழுந்தது.

அது நிற்கவில்லை. சூளைகள் சொன்னபடி கேட்கவில்லை, கிளேஸ் (பாண்டத்தின் மேல் பூசிச் சுட்டால் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு) பிடிக்கவில்லை, சுட்டதில் பாதிக்குமேல் வீணாகும் நாட்களும் இருந்தன. கணக்குக் கேட்பவர்களுக்கோ லாபம் வேண்டும். 1945இல் மேயரோவிட்ஸ் இறந்தார், ஆலையும் மூடப்பட்டது.

அலாஜோவின் தோல்வியை ஒரு தனிமனிதரின் கையாலாகாத்தனமாக நான் பார்க்கவில்லை. கிளேஸ் என்பது ஒவ்வொரு ஊர் மண்ணுக்கும் ஒவ்வொரு விறகுச் சாம்பலுக்கும் தனித்தனியாகப் பழகிக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். திறந்த வெளியில் 800 டிகிரிக்குள் அழகாகச் சுட்டெடுக்கக்கூடிய செம்மண், 1250 டிகிரியில் உப்பி, கொப்புளித்து, உருகி உட்கார்ந்துவிடும். உயர்சூட்டைத் தாங்கும் மண்ணைத் தேடிக் கலக்க வேண்டும். சூளைக் கல்லே அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். இதற்கெல்லாம் வருடக்கணக்கில் சின்னச் சின்னச் சோதனைகள் தேவை. அலாஜோவில் சோதனைக்கூடமாக இருக்க வேண்டியது முதல் நாளிலிருந்தே ஆலையாக ஓட வேண்டியிருந்தது. அந்தப் பகுதியில் மண்ணை நன்றாக அறிந்தவர்கள் பானை செய்யும் பெண்கள். அந்த ஆலையில் அவர்களுக்கு இடமே இல்லை.

வூமே

வேலை போன பிறகு கார்டியூ ஊர் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. வோல்ட்டா ஆற்றின் கீழ்ப்பகுதியில் வூமே என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே பெண்கள் காலங்காலமாகப் பானை செய்து வந்தார்கள். கைக்காசு போட்டு, ஓரிரு உதவியாளர்களோடு, சின்னதாக ஒரு பட்டறையும் சூளையும் கட்டினார். ஆலை தோற்றது அளவால்தான், எண்ணத்தால் அல்ல என்று தனக்கே நிரூபிக்க வேண்டியிருந்தது.

மூன்று ஆண்டு பாடாய்ப் பட்டார். நல்லபடி வந்தவை கொஞ்சம். கருமை கலந்த பச்சை, வெண்கலப் பழுப்பு என்று மினுங்கும் அந்த வோல்ட்டா ஜாடிகளை இன்று அருங்காட்சியகங்கள் பொத்திப் பாதுகாக்கின்றன. அன்று அவரிடம் மிஞ்சியது உடைந்த உடம்பும் காலிப் பையும்தான். 1948இல் நோயோடு இங்கிலாந்து திரும்பினார். ஆனால் வூமேயில் இரண்டு விஷயங்கள் கிடைத்திருந்தன. ஒன்று, பாறையிலிருந்தும் சாம்பலிலிருந்தும் கிளேஸைத் தானே உருவாக்கும் பொறுமை. இன்னொன்று, அந்தப் பகுதியைச் சேர்ந்த கிளமென்ட் கோஃபி ஆதே என்ற இளைஞரின் துணை. பின்னாளில் அபுஜாவில் கார்டியூவின் வலக்கரமாக இருந்தவர் இவர். கார்டியூவைப் பற்றி எழுதும்போது ஆதேயை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். மையத்தின் அன்றாட வேலையைத் தாங்கியவர்களில் முதலில் வைக்க வேண்டிய பெயர் அது.

அபுஜா

1950இல் நைஜீரிய அரசு கார்டியூவை மண்பாண்ட அதிகாரியாக நியமித்தது. அவர் முதலில் செய்தது ஊர் ஊராகச் சுற்றியது. எந்த ஊரில் யார் எப்படிப் பானை செய்கிறார்கள், எங்கே என்ன மண், என்ன கல், விறகு கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே போனார். அலாஜோவில் தவறவிட்ட வேலை இது. அந்தச் சுற்றில்தான் எமிர் சுலைமான் பராவின் அரண்மனையில் குவாலி ஊர்ப் பானைகளைக் கண்டார். 1951இல் அபுஜாவைத் தேர்ந்தெடுத்தார், 1952இல் மையம் இயங்கத் தொடங்கியது. (இது பழைய அபுஜா. நைஜீரியாவின் புதிய தலைநகருக்காக அந்தப் பெயரை எடுத்துக்கொண்டபோது இந்த ஊருக்கு எமிரின் பெயரை ஒட்டிச் சுலேஜா என்று பெயர் மாற்றினார்கள்.)

உதைத்துச் சுழற்றும் சக்கரங்கள், விறகுச் சூளை, சுற்றுவட்டாரத்தில் கிடைத்த களிமண்ணும், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற பாறைக் கனிமங்களும். செய்தவை ஜாடி, தேநீர்க் குடுவை, தட்டு, கோப்பை, மூடிபோட்ட குழம்புச்சட்டி. இந்தச் சட்டியின் உருவத்தைச் சுற்றுவட்டார க்வாரி மக்களின் சமையல் பானையிலிருந்து எடுத்ததால் அதற்கு க்வாரி சட்டி என்றே பெயர் நிலைத்தது.

இங்கே ஒரு முரணைச் சொல்லியாக வேண்டும். அந்த வட்டாரத்தில் பானை செய்வது பெண்களின் வேலை. அரசுப் பயிற்சி மையத்திலோ முதலில் சேர்ந்த அத்தனை பேரும் ஆண்கள். சக்கரம், சூளை, கிளேஸ் என்றால் அது 'தொழில்நுட்பம்', ஆணுக்கு. கையால் பிடிப்பது 'வீட்டு வேலை', பெண்ணுக்கு. இந்தப் பிரிவினையைக் காலனி அரசு தன்னோடு கொண்டுவந்தது. முதல் சில ஆண்டுகள் கார்டியூவும் அதற்குள்ளேயே நடந்தார். 1954இல் லாடி குவாலி மையத்தில் சேர்ந்தபோதுதான் அது உடைந்தது. அவர்தான் அங்கே முதல் பெண்.

அந்தக் கைகள்

லாடி குவாலி பெரிய பானை செய்யும் முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். பிசைந்த மண்ணை ஒரு பெரிய உருண்டையாகத் தரையில் வைப்பார். முஷ்டியால் நடுவில் குத்திக் குழித்து, உள்ளிருந்து மண்ணை மேலே இழுத்துச் சுவராக்குவார். சக்கரம் கிடையாது. பானை அசையாமல் இருக்கும். அவர்தான் இடுப்பை வளைத்துக் குனிந்தபடி அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார். அடிப்பகுதி எழுந்ததும் தடித்த மண் திரியை உருட்டி விளிம்பின்மேல் வைத்து அழுத்துவார். அதைத் தேய்த்து உயர்த்தி, மேலே அடுத்த திரி. உள்ளே ஒரு கை தாங்க, வெளியே மறு கை வழித்துக்கொண்டே போகும். வயிறு விரிந்து, தோள் உள்வாங்கி, கழுத்து ஒடுங்கி, வாய் மலரும் வரை அந்த நடை ஓயாது. அளவுகோலும் இல்லை, அச்சும் இல்லை. ஆனாலும் வட்டம் பிசகாது.

மண் சற்று இறுகியதும் அலங்காரம். வெட்டுக்குறி போட்ட சின்ன உருளைக்கட்டையை ஈரச் சுவரில் உருட்டினால் வரிவரியாகப் பதியும். அந்தப் பட்டைகளுக்கு நடுவே கூர்முனையால் பல்லி, தேள், பாம்பு, முதலை, மீன், பறவை என்று கீறுவார். இந்த உருவங்கள் அவர் கற்பனையில் புதிதாக முளைத்தவை அல்ல. க்வாரிப் பானைகளின் பொதுச்சொத்து. ஆனால் ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே வளைய வேண்டும், எவ்வளவு இடத்தை வெறுமனே விடவேண்டும் என்பதில் அவர் கை தனியாகத் தெரியும். முதலையின் உடம்பு பானையின் வயிற்று வளைவோடு சேர்ந்தே வளையும். படம் பானைமேல் ஒட்டியதாக இருக்காது, பானையிலிருந்தே எழுந்தது போலிருக்கும்.

இப்படிப்பட்டவருக்குக் கார்டியூ என்ன கற்பித்தார்? சக்கரத்தில் வனையக் கற்பித்தார். லாடி அதையும் பிடித்துக்கொண்டு கிண்ணங்களும் தட்டுகளும் செய்தார், மேல்பூச்சைக் கீறி உருவம் வரைந்தார். அவை நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவருடைய பெயரைத் தாங்குபவை சக்கரம் தொடாத பெரும்பானைகளே. அந்தப் பானைகளின் உருவத்திலோ செய்முறையிலோ கார்டியூ கை வைக்கவில்லை. ஆசிரியர் சேர்த்தது மண்ணின் கலவையும் கிளேஸும் நெருப்பும் மட்டுமே. அலாஜோவில் தோற்ற மனிதர் வின்ச்கோம்பில் எலைஜா கம்ஃபர்ட்டோடு பழகிய முறைக்குத் திரும்பியது இங்கேதான் என்று நான் கருதுகிறேன். சொல்லிக்கொடுக்கும் ஆசை மிகுந்த ஒருவருக்கு, சொல்லாமல் நிற்பது எளிதல்ல. கார்டியூ முன்கோபி, பிடிவாதக்காரர், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அப்படிப்பட்டவர் இவர் முன்னால் ஒதுங்கி நின்றார்.

இரண்டு நெருப்பு

குவாலி ஊரில் பானை சுடுவது திறந்தவெளியில். காய்ந்த புல்லும் விறகும் அடுக்கி மூட்டினால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சுட்ட சூட்டோடு, ஒருவகை மரக்காயின் தோட்டை ஊறவைத்த சாற்றை மேலே தெளிப்பார்கள். அது மேற்பரப்பைக் கொஞ்சம் அடைத்துப் பளபளப்புத் தரும். ஆனாலும் சுவர் முழுக்க நுண்துளைகள் இருக்கும். தண்ணீர் அவற்றின் வழியே மெல்லக் கசிந்து, காற்றில் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நம் மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான்.

அபுஜா சூளையில் நடந்தது முற்றிலும் வேறு. கீறிய கோடுகளில் வெள்ளை மண் குழம்பை நிரப்பி, மிகுதியைச் சுரண்டி எடுத்து, மேலே கிளேஸ் பூசி, ஏறக்குறைய 1280 டிகிரி வரை விறகுத் தீயில் ஏற்றினார்கள். சூட்டின் உச்சத்தில் காற்றைக் குறைத்து நெருப்பைத் திணறவைத்தால், கிளேஸில் இருக்கும் சிறிதளவு இரும்பு ஆக்சிஜனை இழந்து பச்சைச் சாயல் கொள்ளும். சீனர்கள் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகக் கையாண்ட செலடான் பச்சை இப்படித்தான் வருகிறது. அந்தப் பச்சைக்கு அடியில் வெள்ளைக் கோடுகளாகப் பல்லியும் தேளும். பழைய நெருப்பில் நிழல்போல மங்கித் தெரிந்த கீறல் இப்போது தண்ணீருக்கடியில் கிடக்கும் சித்திரம்போலத் துலங்கியது.

கிடைத்தது அழகும் உறுதியும். இழந்தது குளிர்ச்சி. அந்தச் சூட்டில் மண் இறுகிக் கல்லாகிவிடுகிறது, நுண்துளைகள் அடைந்துவிடும், தண்ணீர் கசியாது, ஆகவே குளிராது. குவாலிப் பெண் ஒருத்தி தலைச்சுமையாகக் கொண்டுபோய் வீட்டு மூலையில் வைக்கும் தண்ணீர்ப் பானையின் உருவம் அப்படியே இருந்தது, அதன் வேலை போய்விட்டது. எடையும் விலையும் ஏறின. உள்ளூர்ச் சந்தைக்கு அது பொருந்தாது. வாங்கியவர்கள் அதிகாரிகளும் வெளிநாட்டவர்களும் லண்டன் காட்சிக்கூடத்துக்கு வந்தவர்களும். 1958இல் லண்டன் பெர்க்லி காலரியில் அபுஜா பாண்டங்களை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தார்கள். அடுத்த ஆண்டும், 1962இலும் மீண்டும் வைத்தார்கள். பெயர் பரவியது அங்கிருந்துதான்.

ஏழை வீட்டு அடுப்படிக்காகப் பாத்திரம் செய்ய ஆசைப்பட்ட மனிதர் உருவாக்கிய இடத்தின் உச்சப் படைப்பு, எந்த வீட்டு அடுப்படிக்கும் போகாமல் கண்ணாடிப் பெட்டிக்குப் போனது. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பானைகள் அவ்வளவு கம்பீரமானவை. ஆனால் இந்த விலையைக் குறிப்பிடாமல் அபுஜாவைப் புகழ்வது நேர்மையாகாது. கிளேஸ் பூசிய உயர்சூட்டுப் பாண்டம்தான் 'மேல்படி', புல் நெருப்பில் சுட்டது 'கீழ்ப்படி' என்ற எண்ணத்தின் மேல்தான் அரசின் திட்டமே நின்றது. தண்ணீர் வைக்கும் பானையைப் பொறுத்தவரை அது நேர்மாறு.

யாருக்கு என்ன விலை

லாடி குவாலியைத் தொடர்ந்து ஹலிமா அவுடு, அசிபி இடோ, கண்டே உஷாஃபா முதலிய க்வாரிப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கென ஒரு தனிப் பட்டறை ஒதுக்கப்பட்டது. டாகின் க்வாரி என்று அழைத்தார்கள். பெண்கள் தங்கள் முறையில், தங்கள் பேச்சுத் துணையோடு வேலை செய்ய அந்த இடம் உதவியது. அதே சமயம், உள்ளூர்க் கைமுறை ஒரு பக்கம், சக்கரம் இன்னொரு பக்கம் என்ற பிரிவும் அதனால் உறுதிப்பட்டது. பானைகளின் அடியில் செய்தவரின் பெயரெழுத்து முத்திரை விழத் தொடங்கியதும் இங்கேதான். கிராமத்தில் யார் செய்த பானை என்பது ஊருக்கே தெரியும், முத்திரைக்குத் தேவையில்லை. லண்டனில் விற்கும் பானைக்கு அது தேவைப்பட்டது. அந்த இரண்டு எழுத்துகள் இல்லாமல் போயிருந்தால் லாடியும் 'நைஜீரியா, பெயர் அறியாக் குயவர்' என்ற அருங்காட்சியக அட்டைக்குள் மறைந்திருப்பார்.

கார்டியூவின் வீட்டிலும் ஒரு கணக்கு உண்டு. 1942 முதல் 1965 வரை, இடையில் இரண்டு மூன்று ஆண்டு தவிர, அவர் ஆப்பிரிக்காவில்தான் இருந்தார். மேரியல் கார்ன்வாலில் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். விடுப்பில் வந்துபோகும் அப்பாவாகவே அவர்களுக்குக் கார்டியூ இருந்தார். ஒருவரின் வாழ்நாள் ஈடுபாடு என்று நாம் வியக்கிற பலவற்றுக்கும் பின்னால், அன்றாடத்தைத் தோளில் சுமந்த இன்னொருவர் இருக்கிறார். மேரியலைச் சேர்க்காமல் இந்த ஆய்வு முழுமையாகாது.

கற்பித்தல் எழுத்தானது

1959இல் விடுப்பில் இருந்தபோது, வென்ஃபோர்ட் பிரிட்ஜில் மண்பாண்டத்தின் மூலப்பொருள்கள் பற்றிக் கார்டியூ ஒரு சிறு வகுப்பு நடத்தினார். பாடம் சக்கரத்தில் தொடங்கவில்லை, பாறையில் தொடங்கியது. கிரானைட் எப்படிச் சிதைந்து களிமண் ஆகிறது, ஃபெல்ட்ஸ்பார் எந்தச் சூட்டில் உருகும், சாம்பலில் இருக்கும் சுண்ணாம்பு கிளேஸை எப்படி இளக்கும் என்று போகிறது. கடையில் பொடி வாங்க முடியாத ஊரில் உட்கார்ந்து, காலடியில் கிடக்கும் கல்லை வைத்துக்கொண்டு யோசித்தவர் எடுத்த பாடம் அது. அதன் விரிவாக 1969இல் 'பயனியர் பாட்டரி' என்ற அவருடைய நூல் வெளிவந்தது. அலாஜோவிலும் வூமேயிலும் வெடித்த ஒவ்வொரு பானையும் அந்தப் பக்கங்களில் அறிவாக மாறி இருக்கிறது.

1965இல் அபுஜாவிலிருந்து ஓய்வு பெற்றார். மைக்கேல் ஓப்ரையன் அந்தப் பொறுப்பை ஏற்றார். கார்டியூவோ ஓயவில்லை. 1968இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்குப் போய்ப் பழங்குடி இளைஞர்களுக்கு ஒரு பட்டறை தொடங்கிக் கொடுத்தார். 1972இல் லாடி குவாலியோடும் கோஃபி ஆதேயோடும் அமெரிக்காவில் பல ஊர்களுக்குப் பயணம். மேடையில் லாடி பானையைச் சுற்றி நடப்பார், ஆதே சக்கரத்தில் வனைவார், கார்டியூ பேசுவார். பல்கலைக்கழக மாணவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து பார்த்தார்கள். அவர்கள் கண் போனது பேச்சாளர் பக்கம் அல்ல, அந்த நடையின் பக்கம். கார்டியூ 1983 பிப்ரவரியில் காலமானார். லாடி குவாலி அடுத்த ஆண்டு ஆகஸ்டில். அதற்குள் அகமது பெல்லோ பல்கலைக்கழகம் 1977இல் லாடிக்குக் கௌரவ முனைவர் பட்டம் தந்திருந்தது. பயிற்சி மையத்துக்குப் பிற்பாடு அவர் பெயரே சூட்டப்பட்டது.

திரும்பிப் போன பாடம்

அபுஜாவின் பலனை அளக்க நான் எடுத்துக்கொள்ளும் சான்று மையத்தின் விற்பனைக் கணக்கோ விருதுகளோ அல்ல. 1950இல் நைரோபியில் பிறந்த மக்டலீன் ஒடுண்டோ, வரைகலை படிக்க 1971இல் இங்கிலாந்து வந்தார். அங்கே மண் வேலையில் ஈடுபாடு உண்டானது. கார்டியூவைச் சந்தித்தபோது, கையால் பானை எழுப்புவதைக் கற்க வேண்டுமானால் அபுஜாவுக்குப் போ என்று அவர் வழிகாட்டினார். 1974இல் ஒடுண்டோ போனார். லாடி குவாலியிடமும் உடனிருந்த பெண்களிடமும் மண்ணைக் குழித்து இழுக்கவும் திரி வைத்து ஏற்றவும் கற்றார்.

அவர் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்பதுதான் முக்கியம். அபுஜாவின் புகழுக்குக் காரணமான கிளேஸையும் உயர்சூட்டையும் அவர் தொடர்ந்து கொண்டுபோகவில்லை. அவருடைய பானைகள் கையால் எழுப்பியவை, கல்லால் தேய்த்து மெருகேற்றியவை, கிளேஸ் பூசாமல் தாழ்ந்த சூட்டில் சுட்டவை. ஆக்சிஜன் நிறைந்த தீயில் செம்மஞ்சளாகவும், புகையடைத்த தீயில் கருப்பாகவும் வருபவை. கார்டியூ இருபது ஆண்டு பாடுபட்டுக் கொண்டுவந்த தொழில்நுட்பம் அந்த மாணவியின் வேலையில் மிஞ்சவில்லை. அரசுத் திட்டம் 'மேம்படுத்த' நினைத்த பெண்களின் கைமுறைதான் மிஞ்சியது. அதை அவருக்குக் காட்டிக்கொடுத்ததும் கார்டியூதான்.

ஒடுண்டோ பின்னர் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்து, ஃபார்ன்ஹாமில் உள்ள கலைப் பல்கலைக்கழகத்தில் செராமிக்ஸ் (மண்பாண்டக் கலை) பேராசிரியராக ஆண்டுக்கணக்கில் பணியாற்றினார். 2018இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார், 2020இல் டேம் என்ற பிரிட்டிஷ் அரசுப் பட்டம் பெற்றார். அவரிடம் படித்த ஆங்கிலேய மாணவர்கள், சக்கரம் இல்லாமல் பானையைச் சுற்றித் தாங்களே நகர்ந்து எழுப்பும் முறையைக் கற்றுக்கொண்டார்கள்.